மூக்கைத் தாழ்த்து

சான் டியேகோவில் விமானச் சாகசக் காட்சி ஒன்றை முடித்துக்கொண்டு பாப் ஹூவர் லாஸ் ஏஞ்சலஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். இரண்டு இன்ஜின் கொண்ட அவருடைய சிறு விமானத்துக்கு அது பெரிய தூரமில்லை. எரிபொருள் நிரப்பியாயிற்று. இரண்டு இன்ஜினும் சீராகத்தான் ஓடின. தரையை விட்டுக் கிளம்பி முந்நூறு அடி அளவுக்கு ஏறியிருந்தபோது இரண்டும் ஓய்ந்துபோயின.

முந்நூறு அடியில் யோசிக்க நேரம் கிடையாது. கீழே மேடும் பள்ளமுமான நிலம். பின்னால் விட்டுவந்த ஓடுபாதை நீளமாக, தட்டையாக, கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோலத் தோன்றியிருக்கும். அவர் அந்தப் பக்கம் போகவில்லை. முன்னால் தெரிந்த ஒரு பள்ளத்தைத் தேர்ந்து விமானத்தை அதற்குள் இறக்கினார். விமானம் பலத்த சேதமடைந்தது. அதில் இருந்த எல்லோரும் உயிரோடு வெளியே வந்தார்கள்.

பிள்ளைகளே, நான் பல ஆண்டுகள் பயிற்சி விமானத்தின் வலப்பக்க இருக்கையில் உட்கார்ந்தவன். மாணவர் இடப்பக்கம், ஆசிரியர் வலப்பக்கம், அதுதான் வழக்கம். என்னிடம் படித்தவர்களுக்கு எத்தனையோ விஷயம் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் இந்த வயதில் திரும்பிப் பார்க்கும்போது, ஒரு மனிதனுக்குச் சொல்ல வேண்டியதில் பெரும்பகுதி ஹூவரின் அந்த இறக்கத்திலும், இறங்கி முடித்தபின் அவர் செய்த ஒரு காரியத்திலும் அடங்கியிருப்பதாகவே எனக்குப் படுகிறது. உங்களில் ஓரிருவர் விமானம் ஓட்டப் போகலாம். மற்றவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஹூவர் 1922இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் ஸ்பிட்ஃபயர் போர்விமானம் ஓட்டினார். 1944 பிப்ரவரியில் தெற்கு பிரான்சின் கடலோரத்தில் அவரைச் சுட்டு வீழ்த்தினார்கள். ஜெர்மானியர் சிறைமுகாமில் ஓராண்டுக்கு மேல் கிடந்தார். போர் முடியும் தறுவாயில் முகாமிலிருந்து தப்பி, எதிரியின் ஃபோக்வுல்ஃப் விமானம் ஒன்றையே எடுத்துக்கொண்டு நெதர்லாந்துக்குப் பறந்துவிட்டார். 1947 அக்டோபர் 14 அன்று சக் யேகர் ஒலியின் வேகத்தைத் தாண்டியபோது, பக்கத்தில் துணை விமானத்தில் பறந்தவர்களில் ஹூவரும் ஒருவர். யேகரால் பறக்க முடியாமல் போனால் அந்த இடத்தில் பறக்க வேண்டியவர் அவர்தான்.

இதையெல்லாம்விட அவரைப் புகழ்பெறச் செய்தது பிற்காலத்தில் அவர் ஊர் ஊராகக் காட்டிய ஒரு வித்தை. ஷ்ரைக் கமாண்டர் என்பது தொழிலதிபர்கள் கூட்டத்துக்குப் போய்வரப் பயன்படுத்திய சாதாரண விமானம், சாகசத்துக்கென்று செய்ததல்ல. ஹூவர் அதில் ஏறி, கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு இன்ஜினையும் நிறுத்திவிடுவார். சத்தம் அடங்கிய விமானத்தில் வானில் ஒரு வட்டம் போடுவார். பக்கவாட்டில் எட்டு நிலைகளில் நிறுத்தி நிறுத்திப் புரட்டுவார். திரும்பி வந்து முதலில் ஒரு சக்கரத்தையும் பிறகு இன்னொரு சக்கரத்தையும் தரையில் தொடுவார். இறங்கியபின் மிச்சமிருந்த வேகத்திலேயே உருண்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்பார். கடைசிவரை இன்ஜினைத் தொட மாட்டார்.

பார்த்தவர்கள் அதை மாயம் என்றார்கள். அது கணக்கு. இன்ஜின் இல்லாத விமானத்திடம் உயரமும் வேகமும்தான் உண்டு. உயரத்தைக் கொடுத்து வேகம் வாங்கலாம். வேகத்தைக் கொடுத்துக் கொஞ்சம் உயரம் வாங்கலாம். ஒவ்வொரு மாற்றத்திலும் சிறிது தேய்ந்துபோகும். சம்பளம் நின்றுபோன மாதத்தில் வீட்டில் இருக்கும் கையிருப்பை எடுத்துச் செலவழிக்கிற குடும்பத் தலைவியைப் போல, எங்கே எவ்வளவு விடலாம் என்று அறிந்து விட வேண்டும். ஹூவருக்கு அந்தக் கணக்கு விரல் நுனியில் இருந்தது. அன்று இன்ஜின்கள் தாமாக நின்றபோது, எத்தனையோ முறை வேண்டுமென்றே நிறுத்திப் பழகிய கைகள் அவருக்கு இருந்தன.

இன்ஜின் நின்றதும் செய்ய வேண்டிய முதல் காரியம் எது தெரியுமா? விமானத்தின் மூக்கைத் தாழ்த்துவது. கேட்பதற்கு எளிது. செய்வது மிகக் கடினம்.

தரையிலிருந்து மேலே ஏறிக்கொண்டிருக்கும் விமானத்தின் மூக்கு வானத்தை நோக்கி இருக்கும். இன்ஜினின் இழுவை உள்ளவரை அது சரி. இழுவை போனதும் வேகம் நொடிக்கு நொடி விழும். வேகம் இருந்தால்தான் இறக்கையின் மேல் காற்று ஒழுங்காக ஓடும். காற்று ஒழுங்காக ஓடினால்தான் இறக்கை தாங்கும். ஓர் எல்லைக்குக் கீழே வேகம் போய்விட்டால் இறக்கை தாங்கும் தன்மையை இழக்கும். அதை ஸ்டால் என்பார்கள். தாழ்ந்த உயரத்தில் ஸ்டால் ஆன விமானம் ஒரு பக்கம் சாய்ந்து தலைகுப்புற விழும். மீட்டெடுக்க உயரம் இருக்காது.

ஆனால் தரை நெருங்குவதைக் கண் பார்க்கிறது. கண் பார்த்ததும் கை என்ன செய்யும்? மேலே போக வேண்டும் என்ற தவிப்பில், மூக்கை உயர்த்தக் கட்டுப்பாட்டுப் பிடியைப் பின்னுக்கு இழுக்கும். நான் பாதுகாப்பான உயரத்தில், முன்னறிவிப்பு இல்லாமல், இன்ஜினின் விசையைக் குறைத்துவிட்டு, “இப்போது இன்ஜின் இல்லை” என்பேன். ஆரம்ப நாட்களில் ஏறக்குறைய எல்லா மாணவர்களின் கையும் பின்னுக்குத்தான் போகும். நல்ல புத்திசாலிப் பிள்ளைகள். விதியைப் புத்தகத்தில் படித்தவர்கள். எழுதச் சொன்னால் சரியாக எழுதுவார்கள். பயம் வரும்போது கைக்கு அந்தப் படிப்பு எட்டுவதில்லை. விழுந்துகொண்டிருக்கும்போது இன்னும் கீழே பார்த்துச் செல் என்று உடம்புக்குச் சொல்லிப் பழக்க வேண்டியிருக்கிறது.

மூக்கைத் தாழ்த்தி, அந்த விமானத்துக்கென்று குறித்திருக்கும் மிதக்கும் வேகத்தைப் பிடித்துவிட்டால் நிலைமை மாறும். பயிற்சிப் பள்ளிகளில் பரவலாக இருக்கும் செஸ்னா 172 விமானத்துக்கு அது ரகத்தைப் பொறுத்து 65 முதல் 68 நாட்; மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேகத்தில் விமானம் ஓர் அடி இறங்குவதற்குள் ஒன்பது அடி முன்னே போகும். ஆயிரம் அடி உயரம் இருந்தால் சுமார் இரண்டே முக்கால் கிலோமீட்டர் தூரமும் ஏறக்குறைய 80 நொடி நேரமும் கையில் உண்டு. விமானம் விழவில்லை, இறங்குகிறது. இந்த வேறுபாட்டை ஒரு மாணவர் தன் கைகளால் உணர்கிற கணத்தில் அவர் முகத்தில் ஒரு நிதானம் வரும். ஆசிரியருக்கு அதைவிடப் பெரிய சம்பளம் கிடையாது.

நான் அறிந்த இளைஞர்களில் சிலர் வேலை போனதை வீட்டில் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். காலையில் வழக்கம்போலக் குளித்து, பை மாட்டிக்கொண்டு கிளம்புவார்கள். பழைய வாடகை வீடு, பழைய வண்டித் தவணை, நண்பர்களுக்குப் பழையபடி விருந்து. கடன் அட்டை ஒன்று தீர்ந்தால் இன்னொன்று. அவர்கள் சோம்பேறிகள் அல்ல, ஏமாற்றுக்காரர்களும் அல்ல, பயந்தவர்கள். தரை நெருங்குவதைப் பார்த்துப் பிடியைப் பின்னுக்கு இழுக்கிறவர்கள். அவர்களைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதறும். உயரம் போனது தெரியட்டும் அப்பா, சின்ன வீட்டுக்கு மாறு, வண்டியை விற்றுவிடு, இன்றிரவே அம்மாவிடம் சொல்லிவிடு என்று மன்றாடத் தோன்றும். இறங்குவது அவமானமில்லை. இறங்க மறுப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. கட்டுப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டே இறங்குகிறவருக்கு எங்கே இறங்குவது என்று பார்க்க நேரம் கிடைக்கும்.

அடுத்தது திரும்புகிற ஆசை. புறப்பட்ட உடனே இன்ஜின் நின்றால் ஓடுபாதைக்குத் திரும்பிவிடலாமே என்று எல்லோருக்கும் தோன்றும். விமானிகள் இதை ‘முடியாத திருப்பம்’ என்றே அழைப்பார்கள். காரணம் இருக்கிறது. பாதி வட்டம் அடித்தால் ஓடுபாதைக்கு நேரே வந்துவிட மாட்டீர்கள். பக்கத்தில் எங்கோ இருப்பீர்கள். மறுபடி வளைந்து நேராக்க வேண்டும். உயரம் குறைவு என்பதால் சீக்கிரம் திரும்ப வேண்டும், சீக்கிரம் திரும்ப அதிகம் சாய வேண்டும். உயரத்தை விடாமல் 45 பாகை சாய்ந்து திரும்பினால் ஸ்டால் ஆகும் வேகம் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். 60 பாகை சாய்ந்தால் நாற்பது சதவீதத்துக்கு மேல் கூடும். நேரே போகும்போது தாங்கிய வேகம் திரும்பும்போது தாங்காது. கண் முன்னே ஓடுபாதை தெரிய, அதை எட்டுவதற்குச் சற்று முன்னால் விழுந்து இறந்த விமானிகள் உலகம் முழுக்க உண்டு. அவர்களில் அனுபவசாலிகளும் இருந்தார்கள்.

நடிகர் ஹாரிசன் ஃபோர்டை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2015 மார்ச் 5 அன்று, தம் 72ஆம் வயதில், கலிபோர்னியாவின் சான்டா மோனிகா நிலையத்திலிருந்து ஒரு பழைய ரையன் பயிற்சி விமானத்தில் தனியாகக் கிளம்பினார். 1942இல் செய்த விமானம் அது. கிளம்பிய சற்று நேரத்தில் இன்ஜின் சக்தி இழந்தது. கார்புரேட்டருக்குள் எரிபொருளை அளந்துவிடும் ஒரு சிறு திருகுத் துண்டு தன் இருப்பிடத்திலிருந்து கழன்றிருந்ததை விசாரணையில் பின்னால் கண்டறிந்தார்கள். ஃபோர்டு உடனே திரும்பி வர அனுமதி கேட்டார். உயரம் போதாது. சுற்றிலும் வீடுகள் நெருங்கிய நகரம். பக்கத்தில் இருந்த கோல்ஃப் மைதானத்தில் விமானத்தை இறக்கினார். இறங்கும் வழியில் ஒரு மரத்தின் உச்சியில் மோதியது. இடுப்பெலும்பும் கணுக்காலும் முறிந்தன. தோள்பட்டை வார் சரியாகப் பொருத்தப்படாமல் இருந்ததும் காயம் கூடக் காரணமானது. ஆனாலும் அவர் பிழைத்தார். தரையில் ஒருவருக்கும் காயமில்லை. குணமானபின் மறுபடி விமானம் ஓட்டினார். ஓடுபாதை கிடைக்காது என்று தெரிந்த பிறகும் அதையே பிடித்துக்கொண்டு தொங்காமல், கிடைத்த புல்வெளியை ஏற்றுக்கொண்டது அவரையும் அந்தத் தெருக்களில் இருந்தவர்களையும் காப்பாற்றியது என்பது என் கணிப்பு.

திரும்பவே கூடாதா என்று கேட்பீர்கள். உயரம் இருந்தால் திரும்பலாம். எவ்வளவு உயரம் என்பதுதான் கேள்வி. அதற்கான விடையை இன்ஜின் நின்றபின் தேடக் கூடாது. நல்ல விமானி ஓடுபாதையில் கிளம்புவதற்கு முன் வாய்விட்டுச் சொல்லிக்கொள்வார்: ஓடும்போதே கோளாறு என்றால் விசையைக் குறைத்து நிறுத்துவேன், இத்தனை அடிக்குக் கீழே நின்றால் நேர் முன்னால் இருக்கும் வெளியில் இறங்குவேன், இத்தனை அடிக்கு மேல் என்றால் மட்டும் இந்தப் பக்கமாகத் திரும்புவேன். அந்த எண்ணை அவர் விமானத்தின் எடை, அன்றைய காற்று, தம் பயிற்சி மூன்றையும் பார்த்து முன்கூட்டியே முடிவு செய்திருப்பார். நெஞ்சு அமைதியாக இருக்கும்போது எடுத்த முடிவு நெஞ்சு பதறும்போது கைகொடுக்கும்.

ஒரே தேர்வுக்குத் திரும்பத் திரும்ப உட்காரும் பிள்ளைகளிடம் நான் இதைத்தான் கேட்பேன். முதல்முறை தயாராகும்போதே, எத்தனை முறை, எத்தனை வயதுவரை, கிடைக்காவிட்டால் எந்தப் பக்கம் என்று ஒரு தாளில் எழுதிவைத்தாயா? எழுதியிருந்தால் நான்காவது முறை எழுதுவதும் எனக்குச் சம்மதம்தான். எழுதவில்லை என்றால் தோற்ற அன்று எடுக்கும் முடிவு உன்னுடையதாக இருக்காது; அன்றைய வலியினுடையதாக இருக்கும். திரும்பினால் கிடைத்துவிடும்போலவே தோன்றும் அந்த ஓடுபாதை, அதற்காகச் செலவாகும் உயரத்தை உனக்குச் சொல்லாது.

சரி, நேர் முன்னால் என்று முடிவாயிற்று. எங்கே இறங்குவது? மேலிருந்து பார்க்கும்போது எல்லா வயலும் பச்சைக் கம்பளமாகத் தெரியும். கம்பளத்தில் வரப்பு இருக்கும், கிணறு இருக்கும், உழவுச் சால் இருக்கும். மின்கம்பி கண்ணுக்குத் தெரியாது. கம்பம்தான் தெரியும், கம்பத்தைத் தேட வேண்டும். சாலை ஆசை காட்டும். ஆனால் சாலையோரம் கம்பியும் மரமும், சாலையில் மனிதர்களும் உண்டு. புகையைப் பார், குளத்து நீரின் அலையைப் பார், காற்று எந்தப் பக்கம் என்று கண்டுபிடி. காற்றை எதிர்த்து இறங்கு. 50 நாட் வேகத்தில் தொடும் விமானம் 10 நாட் எதிர்க்காற்றில் தரையை 40இல் தொடும். அதே காற்று முதுகில் இருந்தால் 60. வித்தியாசம் 20தான் என்று நினைக்கக் கூடாது. மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தின்படி ஏறுவது. 60இல் அது 40இல் இருப்பதைவிட இரண்டேகால் மடங்கு. முகத்தில் அறையும் காற்றைத் தேடிப்போவது மனித இயல்புக்கு மாறானது. என்றாலும் உயிரைக் காப்பது அந்தக் காற்றுதான்.

ஒரு தகவல் எனக்கு எப்போதும் ஆறுதல் தந்திருக்கிறது. அமெரிக்கப் பயிற்சிக் கையேட்டில் வரும் கணக்கு அது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடும் விமானம் சீராக வேகம் குறைந்து நிற்குமானால், இருக்கை வார் தாங்கும் எல்லைக்குள் அதற்கு வேண்டிய தூரம் மூன்று மீட்டர்கூட இல்லை. மூன்று மீட்டர்! ஓடுபாதை முழுவதும் தேவையில்லை. புதர், கரும்பு, சேறு, நொறுங்கும் இறக்கை, எது வேண்டுமானாலும் அந்த மூன்று மீட்டரைத் தரலாம். அதனால்தான் எங்கள் தொழிலில் சொல்வோம்: இன்ஜின் நின்ற நொடியிலிருந்து விமானம் காப்பீட்டு நிறுவனத்தின் சொத்து. இறக்கை போகட்டும், சக்கரம் போகட்டும். உள்ளே இருக்கும் மனிதர்களின் கூடு மட்டும் சிதையாமல் நிற்கட்டும். எரிபொருளை அடை, மின்சாரத்தை அணை, கதவு நசுங்கிப் பூட்டிக்கொள்ளாதபடி தொடுமுன்பே தாழைத் திறந்துவை.

விமானத்தைக் காப்பாற்றும் எண்ணத்தில் மனிதரை இழந்த கதைகள் உண்டு. இங்கே என் இளையவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தொழில் தொடங்கி நொடித்துப்போகிறவர்கள் பலர் கடையைக் காப்பாற்றத் தம் உடம்பை, தம் திருமணத்தை, அப்பாவின் நிலப்பத்திரத்தை எல்லாம் உள்ளே போடுவார்கள். கடை இறக்கை போன்றது. உடையலாம்.

ஹூவர் விமானிகளுக்குச் சொல்லிவந்த ஓர் அறிவுரை உண்டு: மோதப்போவது உறுதி என்றாலும், மோதலுக்குள்ளே எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் விமானத்தை ஓட்டிக்கொண்டே போ. மரங்கள் நெருங்கும்போது கண்ணை மூடிப் பிடியை விட்டுவிடுகிறவர் ஒருவர். இரண்டு மரத்துக்கு நடுவே மூக்கைச் செலுத்தி, இறக்கைகளை மரங்களுக்குக் கொடுத்துவிட்டு நடு உடலைக் காப்பாற்றுகிறவர் இன்னொருவர். கடைசி இரண்டு நொடியிலும் செய்ய ஏதோ ஒன்று இருக்கிறது. என் மாணவர்களுக்கு நான் சொன்னதில் இதைத்தான் அதிகம் சொன்னேன். நின்று முடியும்வரை பறத்தல் முடியவில்லை.

கரையில் இருப்பவர்களுக்கும் ஒன்று. 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் பறவைகள் மோதி இரண்டு இன்ஜினும் போன பெரிய பயணி விமானத்தை, அதன் விமானி சல்லன்பெர்கர் ஹட்சன் ஆற்றில் இறக்கினார். 155 பேரும் பிழைத்தார்கள். அவர் திரும்பியிருக்கலாமே என்று பிறகு சோதித்துப் பார்த்தார்கள். மாதிரி விமானத்தில் உட்கார்ந்த விமானிகள், பறவை மோதிய அதே நொடியில் திரும்பியபோது சிலர் ஓடுபாதையை எட்டினார்கள். நடந்ததைப் புரிந்துகொண்டு முடிவெடுக்க ஒரு மனிதனுக்கு வேண்டிய 35 நொடியைச் சேர்த்தார்கள். அப்போது, அவர் கிளம்பிவந்த லகார்டியா நிலையத்தின் ஓடுபாதையை எட்ட முடியவில்லை. உங்கள் தோழன் ஒருவன் தடுமாறும்போது, “நானாக இருந்தால் அப்போதே இதைச் செய்திருப்பேன்” என்று சொல்ல வாய் வரும். அந்த 35 நொடியை அவனுக்குக் கொடுத்துவிட்டுப் பேசுங்கள்.

இப்போது ஹூவரிடம் திரும்புகிறேன். நல்ல இன்ஜின் இரண்டு எப்படி ஒன்றாக நிற்கும்? எரிபொருளில்தான் கோளாறு. அவருடைய ஷ்ரைக் கமாண்டர் காரைப் போலவே பிஸ்டன் இன்ஜின்களில் ஓடுவது. அதற்கு விமானப் பெட்ரோல் வேண்டும். அதே கமாண்டர் குடும்பத்தில் டர்பைன் இன்ஜின் பொருத்திய விமானமும் உண்டு. பார்ப்பதற்கு ஏறக்குறைய அப்படியே இருக்கும். அதற்கு வேண்டியது மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்த ஜெட் எரிபொருள். எரிபொருள் நிரப்பிய இளைஞன் இதை அது என்று நினைத்துவிட்டான். இந்தத் தவறு கொடியது, உடனே காட்டிக்கொடுக்காது. குழாய்களில் மிச்சமிருக்கும் பெட்ரோலில் இன்ஜின் சாதாரணமாக ஓடும், ஓடுபாதைவரை போகும், மேலேயும் ஏறும். மண்ணெண்ணெய் வந்துசேரும்போது தரை கீழே போயிருக்கும்.

ஹூவர் திரும்பி வந்தபோது அந்த இளைஞன் நடந்ததை அறிந்திருந்தான். உடைந்துபோய் நின்றான். விலையுயர்ந்த ஒரு விமானம் போயிற்று; மனிதர்களும் செத்திருக்கக்கூடும். வேலை போகும், வழக்கு வரும் என்பதெல்லாம் பிறகு. ஒரு மனிதரைக் கொன்றிருப்பேனே என்ற எண்ணம் ஒருவனை வாழ்நாள் முழுக்க உள்ளிருந்து அரிக்கக்கூடியது. ஹூவர் அவனிடம் போனார். அவனைத் தோளோடு அணைத்துக்கொண்டார். இந்தத் தவறை நீ இனி ஒருநாளும் செய்ய மாட்டாய் என்று எனக்குத் தெரியும், ஆகவே நாளைக்கு என் இன்னொரு விமானத்தை நீதான் கவனிக்க வேண்டும் என்ற பொருளில் பேசினார். அமெரிக்காவில் இந்தச் சம்பவம் பாடநூல் கதைபோல ஆகிவிட்டது. சொல்பவருக்குச் சொல்பவர் வார்த்தைகள் மாறும். அடிப்படை ஒன்றுதான்.

அவர் நல்லவர், அதனால் மன்னித்தார் என்று இதைச் சுருக்கிவிட எனக்கு மனமில்லை. வானத்தில் செய்ததையே அவர் தரையிலும் செய்தார் என்று நினைக்கிறேன். மேலே இன்ஜின்கள் போனபோது போனதைப் பார்க்காமல் இருந்த உயரத்தைப் பார்த்தார். கீழே விமானம் போனபோது இருந்தது யார்? நடுங்கிக்கொண்டு ஓர் இளைஞன். தண்டித்தால் அவனும் போய்விடுவான். நாளை அந்த இடத்தில் இந்தப் பாடம் தெரியாத வேறொருவன் நிற்பான். எரிபொருளைச் சரிபார்க்கும் கடைசிப் பொறுப்பு விமானியுடையது என்பதும் அவருக்குத் தெரியாததல்ல.

உங்களில் யாராவது இன்று அந்த இளைஞனின் இடத்தில் நின்றுகொண்டிருக்கலாம். உங்கள் கைத்தவறால் அலுவலகத்துக்கோ வீட்டுக்கோ பெரிய நட்டம் வந்திருக்கலாம். ஓடி ஒளியாதீர்கள். அவன் அங்கேயே நின்றான். நின்றதால்தான் ஹூவர் அவனைப் பார்க்க முடிந்தது. நாளைக்கு நீங்கள் ஹூவரின் இடத்துக்கும் வருவீர்கள். கோபம் வரும், வரத்தான் செய்யும். அப்போது எதிரில் நிற்பவனின் முகத்தைப் பாருங்கள். அலட்சியமாக நிற்கிறானா, உடைந்துபோய் நிற்கிறானா? அலட்சியக்காரனிடம் நான் விமானத்தைக் கொடுக்க மாட்டேன். உடைந்தவனிடம் கொடுப்பேன்.

மன்னிப்போடு அவர் நிறுத்தியிருந்தால் பாதி வேலைதான் ஆகியிருக்கும். நல்ல மனிதர்களுக்கும் இந்தத் தவறு மறுபடி நேரும் என்று அவர் உணர்ந்திருந்தார். தம் புகழை எல்லாம் அதற்காகச் செலவழித்து, விமானத் தொழில் அமைப்புகளின் துணையோடு ஓர் எளிய மாற்றத்தைப் பரப்பினார். ஜெட் எரிபொருள் குழாயின் வாய் தட்டையாக, அகலமாக இருக்க வேண்டும். பெட்ரோல் விமானத்தின் தொட்டி வாயில் ஒரு வளையம் பொருத்தி அதைக் குறுக்க வேண்டும். பெட்ரோல் தொட்டி வாய்க்கு 60 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது, டர்பைன் விமானத்துக்கு 75க்குக் குறையக் கூடாது என்பது அமெரிக்க விதிகளில் இடம்பெற்ற அளவு. களைத்துப்போன ஒருவர் இரவு நேரத்தில் தவறான குழாயைக் கொண்டுவந்தாலும் அது உள்ளே நுழையாது. குழாய் வாய்க்கு ஹூவர் நாஸில் என்றும் வளையத்துக்கு ஹூவர் வளையம் என்றும் பெயர். கதை உலகமெல்லாம் பரவியும் அந்த இளைஞனின் பெயர் பரவவில்லை. அதை நான் ஹூவரின் பெருந்தன்மைகளில் ஒன்றாகவே எண்ணுகிறேன். அவர் 2016 அக்டோபரில், 94 வயதில் காலமானார்.

தவறு அடியோடு ஒழிந்துவிட்டதா என்றால் இல்லை. 2019 அக்டோபரில் இந்தியானா மாநிலத்தின் கோகோமோவில், பைப்பர் ஏரோஸ்டார் என்ற பிஸ்டன் விமானத்தில் ஜெட் எரிபொருளை நிரப்பிவிட்டார்கள். அதன் விமானி இறந்தார். விமானம் ஓட்டப்போகும் பிள்ளைகள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். எரிபொருள் நிரப்பும்போது பக்கத்தில் நில்லுங்கள். தொட்டியின் அடியிலிருந்து சிறிது வடித்துப் பாருங்கள். குறைந்த ஈயம் கலந்த விமானப் பெட்ரோல் நீல நிறம். ஜெட் எரிபொருள் வெளிறிய வைக்கோல் நிறம் அல்லது நிறமே இல்லாதது. இரண்டும் கலந்திருந்தால் நிறம் ஏமாற்றும். அப்போது ஒரு வெள்ளைத் தாளில் சில சொட்டு விடுங்கள். பெட்ரோல் ஆவியாகிப் போகும். மண்ணெண்ணெய் இருந்தால் எண்ணெய்க் கறை வட்டமாகத் தங்கும்.